திண்ணையில் நான்கு ஊசிகள்

மழை விடுமுறை என்று காலையில் தொலைக்காட்சியில் சொன்னதும் என் மகன் போர்வையை உதறிவிட்டு ஓடிப் போய் எடுத்து வந்தது பிஸ்கட் டப்பாவை. ஐப்பசி அடைமழை. கூடத்தில் பகலிலேயே இருட்டு. திண்ணையில் மட்டும்தான் வெளிச்சம். பாயை விரித்தான். அக்காவைக் கூப்பிட்டான். குடை பிடித்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய் என் அண்ணன் மகளையும் அழைத்து வந்துவிட்டான். நான் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் மூன்று பேரும் நூல் கோர்த்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்கும் ஓர் ஊசியை எடுத்துப் பாயின் ஓரத்தில், ஒரு துணித் துண்டில் குத்தி வைத்திருந்தான்.

நான்கு ஊசி. எங்கள் வீட்டில் இது கணக்கு. எத்தனை ஊசி டப்பாவிலிருந்து வெளியே வந்ததோ அத்தனையும் உள்ளே போன பிறகுதான் பாயைச் சுருட்டலாம். கோரைப்பாயின் இடுக்கில் மறைந்த ஊசி எப்போது யார் காலில் ஏறும் என்று சொல்ல முடியாது. அதற்காகவே பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று டப்பாவில் கிடக்கிறது. நூல்கண்டுகள், இரண்டு மர வளையங்கள், ஒரு சின்னக் கத்தரி, முகப்பவுடர் தூவிய தீப்பெட்டிக்குள் ஊசிகள். மழைக்காலத்தில் எங்கள் பக்கத்து ஈரத்துக்கு ஊசி ஒரே வாரத்தில் துரு ஏறிவிடும். துருப்பிடித்த ஊசி துணியில் சிக்கும், கறையும் விடும். பவுடரில் கிடந்தால் தாங்குகிறது.

மன்னார்குடிக்குப் பக்கத்தில், பாமணியாற்றங்கரையில் எங்கள் ஊர். வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். மகளுக்கு 14 வயது, மகனுக்கு 8, அண்ணன் மகளுக்கு 10. இவர்களுக்குக் கைத்தையல் சொல்லிக் கொடுப்பதைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். ரவிக்கை கொடுக்க வருகிற பெண்கள் கேட்கிற கேள்விகளுக்கு அளவு எடுத்துக்கொண்டே பதில் சொல்லி முடிப்பதில்லை. அதனால் இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

இது தொடங்கியது ஒரு புயலில். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. எங்கள் கொல்லையில் 11 தென்னை நின்றன. விடிந்து பார்த்தால் ஒன்றுகூட இல்லை. மின்கம்பங்கள் வயலில் சாய்ந்து கிடந்தன. எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்ப 22 நாள் ஆயிற்று. பள்ளிக்கூடம் இல்லை, கைப்பேசியில் உயிர் இல்லை. பெரியவர்கள் எல்லோரும் விழுந்த மரத்தை வெட்டிக்கொண்டும் கூரைக்கு ஓடு தேடிக்கொண்டும் இருந்தார்கள். என் மகளுக்கு அப்போது 7 வயது. பயத்தில் என் புடவைத் தலைப்பை விடாமல் பிடித்துக்கொண்டே திரிந்தாள்.

கூடத்துச் சுவரில் என் அம்மாயி தைத்த ‘நல்வரவு’ மாட்டியிருந்தது. கட்டம் கட்டமாக நெய்த மேட்டித் துணியில் குறுக்குத் தையலில் எழுத்து, இரண்டு பக்கமும் ஒவ்வொரு கிளி, கண்ணாடிச் சட்டம். எங்கள் ஊர்களில் பழைய வீடு எதில் நுழைந்தாலும் இதன் அக்காவோ தங்கையோ சுவரில் இருக்கும். அன்றைய காற்றில் அது விழுந்து கண்ணாடி நொறுங்கிவிட்டது. துணியை எடுத்து உதறினேன். என் மகள் அதைத் திருப்பிப் பார்த்தாள். நானும் அப்போதுதான் முதல் முறையாக அதன் பின்பக்கத்தைப் பார்த்தேன். ஒரு கிளியின் பச்சை நூல் அறுக்கப்படாமல் எழுத்துகளின் முதுகு வழியாகவே ஓடி அடுத்த கிளிக்குப் போயிருந்தது. எங்கு பார்த்தாலும் முடிச்சு.

“கொள்ளுப்பாட்டியும் முடிச்சுப் போட்டிருக்கிறார்களா அம்மா?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நான் படித்த பள்ளியில் தையல் வகுப்பு இருந்தது. எங்கள் டீச்சர் துணியைக் கையில் வாங்கியதும் முதலில் திருப்பித்தான் பார்ப்பார். முன்பக்கம் போலவே பின்பக்கமும் இருக்க வேண்டும். முடிச்சு தெரிந்தால் முழுவதும் பிரிக்க வேண்டும். நான் நன்றாகத் தைப்பேன், அதில் சந்தேகமில்லை. ஆனால் துணியைத் திருப்பும் அந்தக் கையைப் பார்த்து நடுங்கிய நடுக்கம் இன்றும் மறக்கவில்லை. என் அம்மாயிக்கு யாரும் திருப்பிப் பார்த்து மதிப்பெண் போடவில்லை. அவருடைய கிளிகள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் சுவரில் இருந்தன.

மாமனாரின் கிழிந்த வேட்டியில் ஒரு சதுரம் வெட்டி, இரண்டாக மடித்து வளையத்தில் பூட்டி அவள் கையில் கொடுத்தேன். புடவைத் தலைப்பை விட்டாள். அந்த 22 நாளும் வெளிச்சம் இருக்கும்வரை திண்ணையில் தைத்தாள். கார்த்திகையில் சீக்கிரமே இருட்டிவிடும். இருட்டும்போது ஊசியை எண்ணி வைப்போம். வழக்கம் அப்போது வந்ததுதான்.

இனி நான் செய்த தவற்றைச் சொல்கிறேன்.

அடுத்த ஆண்டு கோடை விடுமுறையில் அவள் தன் தாத்தாவுக்கு ஒரு தலையணை உறை தைத்தாள். வெள்ளை கேஸ்மென்ட் துணி. ஆறு பூ, நடுவில் ஒரு கிளி. பத்து நாள் வேலை. இதழ்கள் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. காம்பு கோணல். ரவிக்கைக்குக் கொக்கி வைக்கும்போது ஒரு நூல் விலகினாலும் பிரித்துத் தைக்கிற கை என்னுடையது. அவள் தூங்கிய பிறகு நான்கு பூக்களைப் பிரித்தேன். அதே நூலில், அதே நிறத்தில், ஒழுங்காகத் தைத்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். உதவி செய்ததாகத்தான் நினைத்தேன்.

காலையில் உறையை மடியில் வைத்துப் பூக்களின் மேல் விரலை ஓட்டினாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. “இது நான் தைத்தது இல்லை” என்றாள். மடித்து டப்பாவின் அடியில் வைத்தாள். தாத்தாவிடம் கொடுக்கவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடும்வரை அவள் ஊசியைத் தொடவில்லை. ஏறக்குறைய பத்து மாதம். அன்றைக்கே மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தும்விட்டாள். ஆனாலும் கை வரவில்லை. மறுபடி டப்பாவை அவளாகவே திறந்த நாளில் நான் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்தேன்.

பிள்ளைக்குத் தையல் கற்றுக்கொடுக்க என்ன வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதனால்தான்: உங்களுக்கென்று தனியாக ஒரு துணி வேண்டும். அவர்கள் தைக்கும்போது நீங்களும் உங்களுடையதைத் தையுங்கள். அவர்கள் கேட்டால் உங்கள் துணியில் தைத்துக் காட்டுங்கள். அவர்கள் துணியில் உங்கள் ஊசி இறங்கக் கூடாது. நூல் சிக்கிவிட்டது, எடுத்துக் கொடு என்று அவர்களே நீட்டினால் சிக்கை மட்டும் எடுத்துக் கொடுக்கலாம். பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாமா என்பதை அவர்கள் சொல்ல வேண்டும்.

மற்றவை எல்லாம் கைப்பழக்கம்.

என் மகனுக்கு 5 வயதில் முதலில் கொடுத்தது எம்பிராய்டரி ஊசி அல்ல, சாக்கு. அவன் அப்பாவோடு நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்வந்த நாளிலிருந்து கோணி ஊசி மேல் அவனுக்கு ஆசை. 40 கிலோ எடை பிடித்த சிப்பத்தின் வாயை மடித்து, சணலைக் கோர்த்து, நாலே இழுப்பில் தைத்துத் தள்ளுவதை வாய் பிளந்து பார்த்திருக்கிறான். சாக்குத் துணியில் ஓட்டை கண்ணுக்குத் தெரியும். முனை மழுங்கிய பெரிய ஊசியும் கம்பளி நூலும் போதும். நூல் ஊசிக் காதிலிருந்து நழுவி நழுவிப் பிள்ளை அழுதால் நூலைக் காதிலேயே ஒரு முடிச்சுப் போட்டுவிடலாம். சாக்கின் துளை பெரியது என்பதால் முடிச்சு தடையில்லாமல் போய்விடும். “பையனுக்கு எதற்கம்மா ஊசி?” என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவன் பார்த்த முதல் தையல்காரர்கள் மூட்டை தைக்கிற ஆண்கள்தான். இது பெண்பிள்ளை வேலை என்ற எண்ணமே அவனுக்கு வரவில்லை. நானும் அதை அவன் காதில் விழவிடப் போவதில்லை.

சாக்குக்குப் பிறகு கட்டம் போட்ட துண்டு. வெள்ளைத் துணியில் பென்சில் கோடு போட்டுக் கொடுத்து அதன் மேல் ஓட்டுத் தையல் போடச் சொல்வதுதான் வழக்கம். அதைவிட நல்ல வழி வீட்டுக் கொடியிலேயே தொங்குகிறது. பழைய கட்டத் துண்டை, அல்லது லுங்கியை, சின்னக் கட்டமாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டம் மேலே, ஒரு கட்டம் கீழே. ஸ்கேல் வேண்டாம், கார்பன் தாள் வேண்டாம். கட்டத்தின் மூலைக்கு மூலை குத்தினால் குறுக்குத் தையலும் வந்துவிடும். அண்ணன் மகள் தன் அப்பாவின் துண்டில் இப்படி ஒரு வீடு கட்டினாள். கதவுக்கு எத்தனை கட்டம், சன்னலுக்கு எத்தனை என்று எண்ணி எண்ணி வாய்ப்பாடும் கூடவே வந்தது.

நூலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் சலித்து எழுந்து போவது பெரும்பாலும் நூலால்தான். நாங்கள் வாங்கும் ஆங்கர் கண்டு ஒன்றில் 8 மீட்டர் இருக்கும். ஒவ்வொரு நூலும் ஆறு இழை. நீளமாக வெட்டினால் அடிக்கடி கோர்க்க வேண்டாமே என்று பிள்ளை நினைக்கும். நீள நூல் முறுக்கிக்கொண்டு முடிச்சாகும். அவரவர் கையால் ஒன்றரை முழம், அதற்கு மேல் வேண்டாம். இழை பிரிக்கும்போது மூன்றை ஒன்றாக இழுக்காமல் ஒவ்வொன்றாக மேலே உருவி எடுத்து, பிறகு சேர்த்துக்கொள்ள வேண்டும். உருவும்போது மீதி நூல் சுருண்டு குலையும். பதறாமல் விட்டால் தானே நீண்டுவிடும். இந்த வித்தையைப் பார்க்கவே என் மகன் தேவையில்லாமல் நூல் பிரிப்பான். சிவப்பு, கருநீலம் இரண்டையும் ஈரமாக்கி வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். சாயம் போனால் பிள்ளை உடைந்துபோகும். வளையத்தை இரவில் கழற்றி வையுங்கள், இல்லையென்றால் தடம் விழும்.

கோலம் போடத் தெரிந்தால் எம்பிராய்டரி தானாக வரும் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சிக்குக் கோலத்தின் கோடு நிற்காமல் வளைந்து ஓடும். மாவு விரலிலிருந்து இறங்கும் வேகம் வேறு, ஊசி குத்துக் குத்தாக நகரும் வேகம் வேறு. 8 வயதில் என் மகள் 5 புள்ளிக் கோலம் ஒன்றைத் துணியில் தொடங்கி மூன்றாவது வளைவில் விட்டுவிட்டாள். 11 வயதில் சங்கிலித் தையல் கைக்கு வந்த பிறகு அதே கோலத்தை முடித்தாள். அவசரம் வேண்டாம். அதேபோல, நேரடியாக ஆரி வேலை கற்றுக்கொடுங்கள், பிறகு கல்யாண ரவிக்கைக்குப் பயன்படும் என்று கேட்கிற தாய்மார்களும் உண்டு. ஆரியில் துணியைச் சட்டத்தில் விறைப்பாகக் கட்டி, மேலே கொக்கி ஊசியும் அடியில் நூல் பிடிக்கும் கையுமாக வேலை செய்ய வேண்டும். அது தொழில். நல்ல தொழில், வருமானமும் உண்டு. 8 வயதில் அது வேண்டாம் என்றுதான் சொல்லி அனுப்புகிறேன்.

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மூவரும் மனதார விரும்பித் தைத்தது நெற்கதிர். தாளுக்கு காம்புத் தையல். மணிக்கு ஒற்றைச் சங்கிலி, கடையில் லேசி டெய்சி என்பார்கள். ஊசி மேலே வந்த துளையிலேயே திரும்ப இறங்க வேண்டும். ஒரு நெல் நீளம் தள்ளி அதன் முனை எட்டிப் பார்க்கும்போது நூலை அந்த முனைக்கு அடியில் வளைத்துவிட்டு இழுத்தால் கண்ணி விழும். கண்ணியின் தலைக்கு அப்பால் சின்னதாக ஒரு குத்து. நெல் அசையாமல் நின்றுவிடும். இறுக்கி இழுத்தால் மணி சூம்பிவிடும். ஆறு இழையும் சேர்த்துத் தைத்தால் புடைத்துக்கொண்டு நிற்கும்.

போன தை மாதம் அண்ணன் மகள் காடா துணியில் ஐந்து கதிர் தைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். பச்சைத் தாள், மஞ்சள் மணி. ஒவ்வொரு கதிரும் வேல் பிடித்தது போல நேராக நின்றது. என் மாமனார் சாய்வு நாற்காலியில் இருந்தார். 74 வயது. துணியை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். என் நெஞ்சு அடித்துக்கொண்டது.

“மணி நல்ல மணி ஆயி. ஆனால் கதிர் ஏன் விறைத்து நிற்கிறது? பால் பிடிக்கவில்லையா? முற்றின கதிர் சாய்ந்துவிடுமே. நிமிர்ந்து நின்றால் பதர் என்று அறுவடைக்காரன் சொல்லுவான்.”

அவ்வளவுதான் சொன்னார். துணியைத் திருப்பிப் பார்க்கவில்லை. அவள் எழுந்து போய், திண்ணையில் குருவிக்காகக் கட்டித் தொங்கவிட்டிருந்த கதிர்க்கொத்தின் கீழே நின்றாள். ஒரே ஒரு கதிரை உருவித் தரையில் வைத்து எண்ணினாள்: 137 மணி. எந்த இடத்திலிருந்து வளைகிறது, மணி காம்பில் எந்தப் பக்கம் ஒட்டுகிறது என்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். தைத்த ஐந்தையும் பிரிக்கவில்லை. பக்கத்திலேயே ஆறாவதாக ஒன்று தைத்தாள், தலை சாய்ந்து, நுனி கிட்டத்தட்டத் தரையைத் தொட. தாத்தாவிடம் கொண்டுபோய்க் காட்டியபோது “இது மூட்டைக்கு ஆகும்” என்றார். அந்தத் துணி இப்போது அவர் நாற்காலியின் தலைப்பக்கத்தில் கிடக்கிறது, ஐந்து பதரும் ஒரு நெல்லுமாக. அவருக்கு ஊசி பிடிக்கத் தெரியாது. நெல் தெரியும், தெரிந்ததைச் சொன்னார். பத்து மாதம் கொடுத்து நான் கற்றதை அவர் கற்காமலே செய்தார்.

இன்னொரு நாளையும் சொல்ல வேண்டும். பிள்ளைகளைத் திருவாரூர் ஆழித்தேர் பார்க்கக் கூட்டிப்போன பங்குனி. அலங்காரம் முடிந்தால் தேர் 96 அடி. மேல்பகுதி மூங்கிலும் துணியும்தான். கூட்டம் தேரின் வடத்தைப் பார்த்தது, எங்கள் பிள்ளைகள் தேர்ச்சீலையைப் பார்த்தார்கள். சிவப்புத் துணியில் வெள்ளை, பச்சை, மஞ்சள் துணியை உருவமாக வெட்டி ஒட்டித் தைத்த வேலை. சுற்றிலும் உருளை உருளையாகத் தொங்கும் தொம்பைகள். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்தில் தலைமுறையாக இதைத் தைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. நம் ஆற்றங்கரையின் சொந்தத் தையல் என்றால் என்னைப் பொறுத்தவரை அதுதான்; கோயிலுக்கு வெளியே அதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசாதது எனக்கு வருத்தம். காற்றில் ஒரு தொம்பையின் ஓரம் புரண்டது. “அம்மா, பின்பக்கம்!” என்று கத்தினாள் மகள். தடித்த நூல், பெரிய பெரிய குத்துகள். தெருக்கோடியிலிருந்து பார்க்கிறவனுக்காகத் தைத்தது. ஊருக்கு வந்ததும் என் மேசைக்கு அடியில் கிடந்த ரவிக்கை வெட்டுத் துண்டுகளை அள்ளி மூன்று பேரும் ஒரு தொம்பை செய்தார்கள். ஒரு முழ உயரம். வாசல் நிலையில் தொங்கி, வெயிலில் சிவப்பு ரோஜா நிறமாகிவிட்டது. கழற்ற விடமாட்டேன் என்கிறார்கள்.

மழை நாளுக்கு வருகிறேன். என் மகன் அன்று முதல் முறையாகக் கதிர் தைக்க உட்கார்ந்தான். தை மாதக் கதிர் இப்போது வயலில் கிடைக்காது; சம்பா இன்னும் தூர் கட்டிக்கொண்டிருக்கிறது. நாற்காலியில் கிடந்த துணியைப் பார்த்துத்தான் தைத்தான். கண்ணி விழாமல் மூன்று முறை நழுவியது. பக்கத்தில் இருந்த மகளின் கை அவன் வளையத்தை நோக்கி நீண்டதைப் பார்த்தேன். பாதியில் நின்றது. தன் துணியின் ஓரத்தில் ஒரு கண்ணியை மெதுவாகப் போட்டு, அவன் கண் படும்படி மடியில் சாய்த்து வைத்துக்கொண்டாள். அவன் பார்த்தான். நான்காவது முறை விழுந்தது.

ஐந்தரைக்கு இருட்டியது. காந்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஊசிகளை எண்ணினேன். மூன்று.

“நாலாவது எங்கே?”

“என்னிடம் இருக்கிறது. கதிரில் இன்னும் ஏழு மணி பாக்கி” என்றான், தலையை நிமிர்த்தாமல்.

திண்ணை விளக்கைப் போட்டுவிட்டு நானும் என் துணியை மறுபடி எடுத்துக்கொண்டேன்.